மூச்சுக்கு நிற்கிற கை

மறுபடியும் கம்பி அறுந்தது. அறுந்த முனை துள்ளி வேன்காரரின் மணிக்கட்டைக் கீறிவிட்டுக் கிதாரின் கழுத்திலிருந்து சுருளாகத் தொங்கியது. பாட்டு ஒவ்வொருவராக நின்றது. முதலில் கீபோர்டு, பிறகு பேஸ் கிதார், எல்லோரும் நின்ற பிறகு டிரம்ஸ். டிரம்ஸ் வாசிக்கிற பெண்ணுக்கு எதையும் சட்டென்று நிறுத்த வராது. அவளை எல்லோரும் இடி என்றுதான் கூப்பிடுவார்கள், அவளைப் பெற்றவள் உட்பட.

"அண்ணா, கதவை ஏன் இந்த இடி இடிக்கிறீங்க? தாழ்ப்பாளே போடல. தொட்டாலே திறந்துக்கும்," என்றாள் கிதாரைக் காட்டி.

சிரித்தார்கள். வேன்காரரும் சிரித்தார். சிரிக்காமல் இருந்தால் அது வேறு மாதிரி ஆகிவிடும்.

மோட்டார் ரிப்பேர் கடையின் மாடியில் இருந்தது அந்த அறை. சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருந்தார்கள். காற்றும் வெளியே போகவில்லை. மின்விசிறி போட்டால் மைக்கில் இரைகிறது என்று அதையும் நிறுத்திவைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் உள்ளே நுழைகிறவர்கள் வெளியே வரும்போது துவைத்துப் பிழிந்த துணி மாதிரிதான் வருவார்கள். வேன்காரருக்கு மற்ற நாளெல்லாம் காலையிலும் மாலையிலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அவர்களை ஏற்றி, இறக்கி, அடித்துக்கொள்ளாமல் பார்த்து, தவறவிட்ட தண்ணீர் பாட்டிலுக்கு அம்மாக்களிடம் பேச்சு வாங்கி, மிச்சமிருந்த ஒரே ஒரு காலைத் தூக்கத்தையும் இந்த அறைக்குக் கொடுத்திருந்தார்.

குழுவை நடத்துகிறவன் அவருடைய மச்சான், மனைவியின் தம்பி. அவன்தான் கீபோர்டு. அத்தான் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும்போதே அக்காவைப் பார்த்துத்தான் பேசுவான்.

"அக்கா, ஆறு கம்பியையும் போட்டு அடிக்க வேணாம்னு சொல்லேன். அடியில பேஸ் இருக்கு. நடுவுல நான் இருக்கேன். மெல்லிசுக் கம்பி மூணு போதும்."

"அவர்கிட்டயே சொல்லேன்டா."

"அத்தான்கிட்ட எப்படிக்கா சொல்றது?"

மைக்கைப் பிடித்தபடி அவள் கணவரிடம் திரும்பினாள். "மூணு கம்பி போதுமாம்."

"கேட்டுது," என்றார் வேன்காரர். "காது இன்னும் நல்லாத்தான் இருக்கு. கைதான்."

பேஸ் வாசிக்கிறவர் தலையை ஆட்டினார். யார் என்ன சொன்னாலும் அவர் தலையை ஆட்டுவார். ஆமாஞ்சாமி என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

கையைத்தான் என்ன குற்றம் சொல்வது? அது கற்றுக்கொண்டது வேறு பாடம். வருடக்கணக்காக ஒரு ஓட்டலின் மூலையில் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து, மரப்பெட்டிக் கிதாரை மடியில் வைத்துக்கொண்டு வாசித்த கை. பக்கத்தில் அவள் நின்று பாடுவாள். வேறு ஆளே கிடையாது. டிரம்ஸும் அவர்தான், பேஸும் அவர்தான், பாட்டுக்கு நடுவில் தட்டு விழுந்து உடைந்தால் அந்தச் சத்தத்தை மூடுவதும் அவர்தான். ஆறு கம்பியும் சேர்ந்து அதிர்ந்தால்தான் கடைசி மேஜை வரை போய்ச் சேரும். மரப்பெட்டியில் ஒரு நல்ல குணம், அடித்த சத்தம் தானாகவே அடங்கிவிடும். வீட்டுக்கு வந்த விருந்தாளி நேரம் பார்த்துத் தானே எழுந்து போவதுபோல. இந்த எலெக்ட்ரிக் அப்படி இல்லை. தொட்டுவிட்டால் போகவே போகாது. பின்னால் இருக்கிற, சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப் பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு அடுத்த சத்தத்தோடு சண்டைக்குப் போகும். வாசிப்பது பாதி வேலை, வாசித்ததை அமுக்குவது மீதி வேலை. இடது கை விரலைக் கம்பியிலிருந்து எடுக்காமல் பிடியை மட்டும் தளர்த்த வேண்டும். வலது உள்ளங்கையின் ஓரம் கம்பியின் மேல் பட்டும் படாமலும் உட்கார்ந்திருக்க வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் செத்துவிடுகிறது, கொஞ்சம் விட்டால் ஊரைக் கூட்டுகிறது.

இதெல்லாம்கூடப் பழகிவிடும். பழகாதது இன்னொன்று இருந்தது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

அவளுக்கு மூச்சு சின்னது. நீளமான வரிகளில் கடைசிச் சொல்லுக்கு முன்னால் தீர்ந்துபோகும். அந்த இடத்தில் வேன்காரர் கையை மேலே எடுத்துக்கொண்டு நிற்பார். ஒரு இமை கொட்டுகிற நேரம்தான். அவள் மூச்சை இழுப்பாள். பிறகு கடைசிச் சொல்லும் கிதாரும் ஒன்றாகக் கீழே இறங்கும். சாப்பிட வந்தவர்கள் அது பாட்டின் உருக்கம் என்று நினைத்துக் கரண்டியை நிறுத்திக்கொண்டு கேட்பார்கள். எப்போது ஆரம்பித்தது என்று அவருக்கே நினைவில்லை. இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதும் இல்லை. சமையலறையில் ஒருவர் திரும்பும்போது இன்னொருவர் ஒதுங்கிக்கொள்கிறார்களே, அதையெல்லாம் யார் பேசுகிறார்கள்?

ஓட்டல்காரர் அந்த மூலையில் பெரிய டிவி ஒன்றை மாட்டினார். ஸ்டூலைக் கைகழுவும் இடத்துக்குப் பக்கத்தில் போட்டார்கள். அதற்கு மேல் அங்கே போய் நிற்க இரண்டு பேருக்கும் மனசு வரவில்லை.

அப்போதுதான் மச்சான் வந்தான். "அக்கா, எங்க பாட்டுக்காரி கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போயிட்டா. நீ வந்து பாடேன்."

"அவரு?"

"அத்தானும் வரட்டும், அதுக்கென்ன. ரிதம் கிதார் ஒரு ஆள் வேணும்தான்."

"அவர் இல்லாம நான் எங்கயும் பாடினதில்ல. இனிமேயும் பாட மாட்டேன். அத முதல்லயே சொல்லிடறேன்."

அந்தப் பேச்சுதான் வேன்காரரின் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது. தான் சரிப்படவில்லை என்றால் தன்னோடு போகாது, அவளும் எழுந்து வந்துவிடுவாள். அவளோ இங்கே வந்ததிலிருந்து ஆளே வேறாக இருந்தாள். பின்னால் நான்கு பேர் வாசிக்க, அவள் குரல் இத்தனை நாளும் அடைத்த வீட்டுக்குள் இருந்தது போலவும் இப்போதுதான் யாரோ வெளியே கூட்டி வந்தது போலவும் ஒலித்தது. வீட்டில் பாத்திரம் கழுவும்போதுகூட முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். ஓட்டலில் பாடிய காலத்தில் அவள் வீட்டில் வாயைத் திறந்ததே இல்லை.

அதனால் அவர் பழகினார். கல்யாணமாகிப் போன மகளின் அறையில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து பழகினார். வேனில் சிக்னலுக்கு நிற்கும்போது ஸ்டியரிங்கைப் பிடித்துப் பிடித்துத் தளர்த்தினார். பின் இருக்கையிலிருந்து ஒரு வாண்டு, "அங்கிள், வண்டிக்கு வயித்து வலியா? அமுக்கி விடறீங்களே?" என்று கேட்டது.

நிகழ்ச்சிகள் வர ஆரம்பித்தன. கம்பெனி ஆண்டு விழா, யாரோ ஒருவருடைய பணி ஓய்வு விழா, அடுக்குமாடிக் குடியிருப்பின் விளையாட்டுத் தினம். முதல் மேடையில் அந்த மூச்சு இடம் வந்ததும் அவர் கை தன்பாட்டுக்கு மேலே போய் நின்றது. டிரம்ஸ் நிற்கவில்லை. அவர் திரும்பிக் கம்பியில் இறங்கும்போது பாட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருந்தது. கொஞ்ச நேரம் யார் யாருக்குப் பின்னால் போகிறார்கள் என்றே தெரியாமல் எல்லோரும் தடுமாறினார்கள். அவள் சொல்லை விழுங்கிவிட்டுச் சமாளித்தாள்.

ஆனால் அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது. அப்படித்தான் அவர் நினைத்தார். மச்சான் அக்காவிடம் எதுவும் சொல்லச் சொல்லவில்லை. ஆமாஞ்சாமி மட்டும் வழக்கம்போல் தலையை ஆட்டினார். இடி கேலி பேசுவதை நிறுத்திவிட்டாள். "சாப்பிட்டீங்களாண்ணா?" என்று மரியாதையாகக் கேட்டாள். அந்த மரியாதையிலேயே அவர் விழித்துக்கொண்டிருக்க வேண்டும்.

அன்றைக்கு ஒரு பெரிய கூடம். ஏதோ சங்கத்தின் வெள்ளிவிழா. சாயங்காலம் ஆட்கள் வருவதற்கு முன்னால் மைக்கைச் சரிபார்த்தார்கள். அவள் குரல் கூடத்தில் எப்படிக் கேட்கிறது என்று பார்க்க வேன்காரர் கிதாரை மேடையில் சாய்த்துவிட்டுக் கடைசி வரிசைக்கு நடந்தார். அங்கே சவுண்டு மேஜை. வழக்கமான ஆள் ஊரில் இல்லை. கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்திருந்த ஒருவர் உட்கார்ந்திருந்தார். பொத்தான்களுக்குக் கீழே வெள்ளை டேப் ஒட்டி ஆள் ஆளாக எழுதியிருந்தது.

"கிதார் சாரா? நல்லதாப் போச்சு. உங்களுது மூடியே கிடக்கு. திறந்துடட்டுமா?"

"எது?"

"இது." டேப்பில் 'அத்தான்' என்று எழுதியிருந்த இடத்தைத் தட்டிக் காட்டினார். "எப்பவுமே மூடித்தான் இருக்கும்னு பழைய ஆள் சொல்லிட்டுப் போனாரு. ஏம்ப்பான்னு கேட்டேன். குடும்ப விஷயம், கேக்காதீங்கன்னுட்டாரு."

மேடையில் அவருக்குப் பின்னாலேயே அவருடைய ஆம்ப் பெட்டி இருக்கும். அதில் வருவதை அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கூடத்துக்குப் போகிற வழியை இங்கே அடைத்து வைத்திருக்கிறார்கள்.

"இருக்கட்டும்," என்றார் வேன்காரர். "இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும்."

மேலே ஏறினார். நிகழ்ச்சி ஆரம்பித்தது. முதல் பாட்டை வாசித்தார். இரண்டாவதையும் வாசித்தார். மூன்றாவது பாட்டின் நடுவில் கையை எடுத்துத் தொடை மேல் வைத்துக்கொண்டார். பாட்டு போய்க்கொண்டே இருந்தது. முன்வரிசையில் ஒருவர் செல்போனைப் பார்ப்பதை நிறுத்தவில்லை. யாரும் திரும்பவில்லை. ஒரு நாற்காலியை எடுத்துவிட்டால்கூட அந்த இடம் கொஞ்சம் வெறிச்சென்று தெரியும். இங்கே அதுவும் இல்லை.

சும்மா இருந்த கை அவருடைய காதைத் திறந்துவிட்டது. முதல் தடவையாக வேலை எதுவும் இல்லாமல் அவள் பாடுவதைக் கேட்டார். நீளமான வரி வந்தது. மூச்சு இடம் வந்தது. அவள் அங்கே மூச்சு எடுக்கவில்லை. நேராகக் கடைசிச் சொல்லுக்குப் போனாள், போன இடத்தில் இன்னும் கொஞ்சம் நின்றாள். எங்கே எடுத்தாள் என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

இடைவேளையில் ஏதோ தலைவர் பேச எழுந்தார். கூடத்துக்குப் பின்னால் வேனின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து படியில் அவள் உட்கார்ந்திருந்தாள். ஃப்ளாஸ்க்கிலிருந்து வெந்நீரை மூடியில் ஊற்றி ஆற்றிக்கொண்டிருந்தாள். வேன்காரர் எதிரே நின்றார்.

"மூணாவது பாட்டுல பாதிக்கு மேல நான் வாசிக்கல."

அவள் வெந்நீரைக் குடிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கும் தெரியலல்ல?"

"ஏன் வாசிக்கல?"

"வாசிச்சா மட்டும்? யாரு மூடச் சொன்னது? உன் தம்பியா?"

"அவனுக்கு ஏது அவ்வளவு தைரியம்? அவன் உங்களப் பாத்துக் குட்மார்னிங் சொல்லவே என்னைத்தான் கூப்பிடுவான்." குனிந்துகொண்டே சொன்னாள். "நான்தான் சொன்னேன்."

பக்கத்து மதிலில் ஏசி இயந்திரம் ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. அது ஓயட்டும் என்பதுபோல அவர் நின்றார். அது ஓயவில்லை.

"நீங்க நிக்கிறீங்க," என்றாள். "அந்த மூச்சு இடத்துல இன்னும் எனக்காக நிக்கிறீங்க. டிரம்ஸ் அடிக்கிற பொண்ணு நிக்க மாட்டா, அவ நிக்கவும் கூடாது. நீங்க ஒரு பக்கம், அவ ஒரு பக்கம். நடுவுல கயிறு நான்தான்."

"நிக்காதீங்கன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"நீங்க நிக்கிறீங்கன்னு நாம எப்பவாவது பேசியிருக்கோமா? பேசாத ஒண்ண எப்படி வேணாம்னு சொல்றது?"

"மூச்சுக்கு என்ன பண்ற?"

"நடுநடுவுல திருடிக்கிறேன். சொல்லுக்குள்ள. யாருக்கும் தெரியாது."

"எப்பலேருந்து?"

"விடுங்க."

"சொல்லு. இதுக்கு மேல என்ன ஆகப்போகுது?"

"ஓட்டல்ல பாடும்போதே வந்திருச்சு. டிவி மாட்டுறதுக்கு ரொம்ப முன்னாடியே." மூடியைக் கவிழ்த்து வெந்நீரைத் தரையில் ஊற்றினாள். "நீங்க கையத் தூக்கிட்டுக் காத்துட்டு நிப்பீங்க. பாவமா இருக்கும். அதனால தேவையில்லேன்னாலும் அங்கயும் மூச்ச எடுத்துக்குவேன்."

வேன்காரருக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு அப்போது கோபம் வந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும், ஒரு தெம்பாவது கிடைத்திருக்கும். கால்தான் வலித்தது. வேனில் பிள்ளைகள் ஏறுகிற படியில், அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேருக்கு அது இடுக்கம்.

"அப்ப நான் எதுக்கு?"

"எனக்கு நீங்க அங்க நிக்கணும். சத்தத்த மட்டும் மூடினேன். தப்புதான்."

"உன் தம்பிகிட்ட நான் விலகிக்கறேன்னு சொல்லிட்டு நீ பாட்டுக்குப் பாடலாம்ல?"

"மாட்டேன்னு அன்னைக்கே சொன்னேன். திரும்பத் திரும்ப அதையே கேக்காதீங்க."

உள்ளே கைதட்டல் கேட்டது. தலைவர் முடித்துவிட்டார் போலிருக்கிறது, அல்லது முடிக்கச் சொல்லித் தட்டுகிறார்கள். வேன்காரர் எழுந்தார்.

"கடைசிப் பாட்டுக்குத் திறக்கச் சொல்லப் போறேன்."

"அந்தப் பாட்டுக்கா? அதுலதான் அந்தப் பெரிய வரி..."

"தெரியும். நிக்க மாட்டேன். நின்னா எல்லாருக்கும் கேக்கும், அதோட நானே இறங்கிடறேன். நீ கூட வரக்கூடாது. அதுக்குச் சம்மதம்னு சொல்லு."

அவள் ஃப்ளாஸ்க்கை மூடினாள். மரை சரியாக ஏறாமல் திரும்பத் திரும்பத் திருகிக்கொண்டிருந்தாள்.

அவர் சவுண்டு மேஜைக்குப் போய்க் கண்ணாடிக்காரரிடம் சொன்னார். "குடும்ப விஷயம் தீந்துருச்சா சார்?" என்று கேட்டார் அவர். "பாக்கணும்," என்றார் வேன்காரர். அங்கிருந்து பார்க்கும்போது மேடையோரத்தில் அவள் தம்பியிடமும் இடியிடமும் ஏதோ சொல்லிக்கொண்டிருப்பது தெரிந்தது. தம்பி தலையை அசைத்து மறுத்தான். அவள் மறுபடியும் சொன்னாள். இடி குச்சியால் தன் தோளைத் தட்டிக்கொண்டு கேட்டாள். பக்கத்தில் ஆமாஞ்சாமி தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். மறுபடியும் மூடத்தான் ஏற்பாடு செய்கிறார்கள் என்று வேன்காரர் நினைத்தார். அதை நினைத்தபோது பெரிதாக எதுவும் தோன்றவில்லை. மூடினால் மூடட்டும். திறந்திருப்பதாக நினைத்துக்கொண்டு ஒரு பாட்டு சரியாக வாசித்துவிட்டால் போதும்.

கடைசிப் பாட்டு வந்தது.

அவர் அவளைப் பார்க்கவில்லை. முதுகைப் பார்த்தாலே கை மேலே போய்விடும். இடியின் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். மிதிகட்டையில் அந்தச் செருப்பில்லாத கால் ஏறி இறங்கியது. மெல்லிசுக் கம்பி மூன்று. தொட்டு, விட்டு, அமுக்கு. உள்ளங்கை ஓரத்தில் கம்பிகள் பதிந்த கோடுகள் எரிந்தன. தொட்டு, விட்டு, அமுக்கு. சத்தம் கூடத்துக்குப் போகிறதா, பெட்டிக்குள்ளேயே கிடக்கிறதா, ஒன்றும் தெரியவில்லை. கையை நல்லபடியாக ஓரிடத்தில் கட்டிப்போட்டது போல் இருந்தது. அவருடைய கை மாதிரியே இல்லை. யாரோ கவனமான ஆளின் கை.

பெரிய வரி ஆரம்பித்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். இது தாண்டிவிட்டால் தாண்டினதுதான். வரி ஏறியது, வளைந்தது, அந்த இடத்துக்கு வந்தது. கை மேலே போகப் பார்த்தது. அவர் விடவில்லை. தொட்டு, விட்டு, அமுக்கு என்று அந்த இடத்துக்குள் நேராக நடந்து போனார்.

இடியின் கால் நின்றுவிட்டது.

வேன்காரர் நிமிர்ந்தார். இடியின் இரண்டு குச்சிகளும் காற்றில் நின்றிருந்தன. மச்சான் கீபோர்டிலிருந்து கைகளைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். ஆமாஞ்சாமி கம்பியை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, ஆட்ட வேண்டிய தலையைக்கூட ஆட்டாமல் நின்றார். எல்லோரும் அவருக்காக, அவர் வழக்கமாக நிற்கிற இடத்தில் நின்றிருந்தார்கள். முன்னால் அவளுடைய தோள்கள் மேலே ஏறின. நிதானமாக, ஓட்டலில் எடுப்பதுபோல, முழு மூச்சு. பாதி திரும்பிய முகத்தில் வாய் திறந்திருந்தது.

கை நிற்கவில்லை. அந்தப் பெரிய கூடத்தில் மூன்று கம்பிகளின் சத்தம் மட்டும், உள்ளங்கையில் அமுங்கி, துல்லியமாக, டக் டக்கென்று கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. ஆளில்லாத தெருவில் ஒருவர் மட்டும் செருப்புச் சத்தம் கேட்க நடந்து போவதுபோல அது போய்க்கொண்டிருந்தது.